பிரேசில் விளைச்சலும் நம் விதைப் பையும்

"சேர், பிரேசில்ல சோயா மூன்றரைத் தொன் விளையுதாம், நமக்கேன் விளையாது?" இந்தச் சிறுபோகத்திலும் கேட்டுவிட்டார்கள். கேட்டவர் மட்டக்களப்புப் படுவான்கரை விவசாயி. யூடியூப் பார்த்துவிட்டு, கடையில் சமையலுக்கு விற்ற சோயாவை வாங்கி விதைத்திருக்கிறார். முளைத்தது கால்வாசி. அதற்கும் யூரியாவை அள்ளிப் போட்டிருக்கிறார். வாயால் சொல்லிக் களைத்துவிட்டது, எழுதிவிடுகிறேன்.

மூன்றரைத் தொன் என்பது ஹெக்டயர் கணக்கு. ஏக்கருக்கு ஏறக்குறைய 1,400 கிலோ. அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இந்தியா ஹெக்டயருக்கு 1 தொன்னைச் சுற்றியே பல காலமாக நிற்கிறது. மத்தியப் பிரதேசத்து விவசாயி சோம்பேறியா என்ன? மழையை நம்பிய குறுங்காலப் பயிர் அது. இடையில் மழை நின்றால் காய் நிரம்பாது.

எனக்கு எரிச்சல் வருவது, "அந்த நாட்டு விதையை எடுத்துத் தாங்க" என்பதைக் கேட்கும்போதுதான். சோயா இரவின் நீளம் பார்த்துப் பூக்கும் பயிர்; இரவு நீண்டால் சீக்கிரம் பூத்துவிடும். அமெரிக்காவின் அயோவாவில் ஜூன் மாதப் பகல் 15 மணித்தியாலம். மட்டக்களப்பில் வருடம் முழுக்க 12 மணித்தியாலத்தை ஒட்டியே. அந்த விதை இங்கே முழங்கால் உயரம் வருமுன் பூத்து, நாலு காயோடு முடிந்துவிடும். பிரேசிலுக்கும் இதே தலைவலி இருந்தது. 1973இல் தொடங்கிய எம்பிராபா என்ற அரச ஆய்வு நிறுவனமும் மற்றவர்களும், குறுகிய பகலில் அவசரப்பட்டுப் பூக்காத இனங்களை உருவாக்கினார்கள். செராடோ என்ற தங்கள் புல்வெளிப் பிரதேசத்தின் புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பு கொட்டினார்கள். யூரியாவுக்குப் பதிலாக, வேர்முடிச்சில் இருந்து காற்றின் நைதரசனைப் பயிருக்குப் பிடித்துக் கொடுக்கும் றைசோபியம் என்ற பக்டீரியாவை விதையில் பூசினார்கள். இவ்வளவும் சேர்ந்த விளைச்சலை நாம் ஒரு விதைப் பைக்குள் தேடுகிறோம்.

இனிவரும் காலத்தில் எல்லா நாட்டுக்கும் வெப்பம்தான் பெரிய கேள்வி. நமக்கு அது இப்போதே இருக்கிறது: பிந்தி விதைத்தால் பூவும் பிஞ்சும் வறண்ட, சூடான கச்சான் காற்றில் மாட்டும்.

சரி, செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். விவசாயத் திணைக்களம் பரிந்துரைத்த பிபி 1 போன்ற சோயா இனத்தையே எடுங்கள். சோயா விதை நம் ஈரப்பதத்தில் சில மாதங்களிலேயே உயிரை இழக்கும். 100 விதையை ஈரச்சாக்கில் சுற்றி வைத்துப் பாருங்கள், 80 முளைக்காவிட்டால் விதைக்காதீர்கள். றைசோபியத்தை நிழலில் கலந்து அன்றே விதையுங்கள்.

யூரியா வாங்குமுன் தயவுசெய்து ஒரு செடியைப் பிடுங்கி வேர்முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பென்றால் றைசோபியம் வேலை செய்கிறது, யூரியாக் காசு மிச்சம். வெள்ளை என்றாலோ, முடிச்சே இல்லை என்றாலோ, செடியை வேரோடு உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுபோங்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பாதீர்கள், அதில் அந்த நிறம் சரியாகத் தெரிவதில்லை.