தண்ணிக்கடியில போட்டோ எடுக்கணுமா? கேமரா வாங்குறதுக்கு முன்னாடி இத படிச்சுடுங்க

"எந்த கேமரா வாங்கலாம்?" தண்ணிக்கடியில போட்டோ எடுக்க ஆசைப்படுறவங்க எல்லாரும் என்கிட்ட முதல்ல கேக்குறது இதத்தான். நான் டைவிங் சொல்லிக்குடுக்குறேன், கூடவே கேமரா ஹவுஸிங் (கேமராவ தண்ணி புகாம மூடி வைக்கிற பெட்டி) சர்வீஸும் பண்றேன், அதனால புதுசா வாங்கிட்டு வர்றவங்க சந்தோஷத்தையும் பாக்குறேன், கொஞ்ச நாள்ல அதே ஆளு உப்புத்தண்ணி புகுந்து செத்துப்போன கேமராவ துண்டுல சுத்தி கொண்டு வர்றதையும் பாக்குறேன். பட்ஜெட்ல பெரும்பங்க கேமராவுக்கே கொட்டிடுறாங்க, படம் நல்லா வர்றதும் கேமரா உயிரோட மேல வர்றதும் வெளிச்சம், ஹவுஸிங்ல இருக்குற ரப்பர் வளையம், தண்ணிக்குள்ள உங்க உடம்பு எவ்ளோ நிதானமா நிக்குதுங்கறது, இந்த மூணுல தான் இருக்கு. அத பத்தி ரொம்ப பேர் யோசிக்கறதே இல்லங்கறது தான் எனக்கு வருத்தம்.

போன் விஷயத்த முதல்லயே முடிச்சுடுறேன். "என் போன் ஐபி68, வாட்டர்ப்ரூஃப் தானே, அப்படியே இறக்கிடலாமா?" வேண்டாங்க. அந்த ரேட்டிங் லேப்ல, அசையாத நல்ல தண்ணியில, புது போன வச்சு டெஸ்ட் பண்ணி குடுக்குறது. எவ்ளோ ஆழம்னு ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியா சொல்லும், ஐபோன் 12ல இருந்து 6 மீட்டர் 30 நிமிஷம்னு போட்டிருக்கும், சாம்சங்ல 1.5 மீட்டர்னு போட்டிருக்கும். ஒரு தடவ கீழ விழுந்த போன்ல உள்ள இருக்குற பசை விட்டிருந்தாலும் வெளிய பாத்தா தெரியாது, சார்ஜ் போடுற ஓட்டையில உப்பு உக்காந்தா அரிச்சுடும், தண்ணி புகுந்த போனுக்கு வாரண்டியும் கிடைக்காது. அதோட தண்ணிக்குள்ள டச் ஸ்க்ரீன் ஒழுங்கா வேலை செய்யாது. போன்ல தான் எடுப்பேன்னு இருந்தா அதுக்குன்னே பட்டன் வச்ச ஹவுஸிங் வருது, அத வாங்குங்க. கழுத்துல தொங்க விடுற ப்ளாஸ்டிக் பை கரையோரமா விளையாட மட்டும்.

அடுத்து, எவ்ளோ ஆழம் போவீங்கன்னு உங்களுக்கே தெளிவா தெரியணும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு அட்மாஸ்ஃபியர் அழுத்தம் கூடுது, 30 மீட்டர்ல மேல இருக்குறத போல 4 மடங்கு. கோப்ரோ மாதிரி ஆக்‌ஷன் கேமரா சும்மாவே 10 மீட்டர் தாங்கும், கம்பெனி ஹவுஸிங் போட்டா 60 மீட்டர். ஒலிம்பஸ் டிஜி-6 மாதிரி சின்ன கேமரா 15 மீட்டர் தாங்கும். ஸ்நார்க்கலிங் (மேல் தண்ணியில மிதந்துக்கிட்டே பாக்குறது) மட்டும் பண்றவங்களுக்கு இதுவே தாராளம். ஆனா ஸ்கூபாவுல (காத்து சிலிண்டரோட டைவ் பண்றது) ஆரம்ப லெவல் சர்டிஃபிகேட்டே 18 மீட்டர் வரைக்கும் போக விடுது, அப்போ 15 மீட்டர் கேமராவ ஹவுஸிங் இல்லாம எடுத்துட்டு போனா ஒரு அழகான மீன் பின்னால போற நேரத்துல ஆழம் எப்ப தாண்டுச்சுன்னே தெரியாது. டைவ் பண்றவங்களுக்கு ஹவுஸிங் கட்டாயம், மூடி சரியா மூடியிருக்குன்னு கேமராவ நம்பி இருக்காதீங்க.

இப்போ வெளிச்சம். தண்ணி முதல்ல சிவப்ப தான் முழுங்குது, 5 மீட்டர் தாண்டினாலே பெரும்பாலும் போயிடும், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள், கடைசியில நீலம் மட்டும் மிஞ்சும். 20 மீட்டர்ல விரல் கீறி ரத்தம் வந்தா பச்சையா தெரியும், முதல் தடவ பாக்குறவங்க பயந்தே போயிடுவாங்க. இதுல ஒரு கணக்கு நிறைய பேர் விட்டுடுறாங்க: வெளிச்சம் மேல இருந்து கீழ வர்ற தூரம் மட்டும் இல்லாம பவளத்துல பட்டு உங்க லென்ஸுக்கு வர்ற தூரமும் சேரும். 8 மீட்டர் ஆழத்துல 3 மீட்டர் தள்ளி நின்னு எடுத்தீங்கன்னா நீங்க 11 மீட்டர் தண்ணி வழியா படம் எடுக்குறீங்க. ஜூம் பண்ணா படம் பெருசாகும், நடுவுல இருக்குற தண்ணி அப்படியே தான் இருக்கும். அதனால கிட்ட போங்க, இன்னும் கிட்ட போங்க. ஒரு கைநீட்டு தூரத்துல எடுத்த படத்துக்கும் ரெண்டு மீட்டர்ல எடுத்த படத்துக்கும் இருக்குற வித்தியாசத்த எவ்ளோ விலை கேமரா வாங்கினாலும் ஈடு கட்ட முடியாது.

1926ல லாங்லி, சார்லஸ் மார்ட்டின்னு ரெண்டு பேர் ஃப்ளோரிடா பக்கம் தண்ணிக்கடியில முதல் கலர் போட்டோ எடுத்தப்போ, தண்ணி மேல ஒரு மிதவையில மெக்னீசியம் பவுடர வெடிக்க வச்சு தான் வெளிச்சம் உண்டாக்குனாங்க. அந்த காலத்துலயே பிரச்சனை வெளிச்சம் தான், இன்னைக்கும் அதே தான், நம்மகிட்ட ஸ்ட்ரோப் (தண்ணிக்கடியில பயன்படுத்துற தனி ஃப்ளாஷ்) இருக்கு அவ்ளோ தான் வித்தியாசம். அதனால என்னோட கருத்து இது, ஒத்துக்காத ஆளுங்களும் இருக்காங்க: ஒரு சாதாரண கேமரா, ஹவுஸிங், ஒரு நல்ல ஸ்ட்ரோப், இந்த செட் விலை அதிகமான மிரர்லெஸ் கேமராவ வெளிச்சமே இல்லாம எடுத்துட்டு போறத விட நல்ல படம் குடுக்கும். வீடியோ தான் உங்க வேலைன்னா வீடியோ லைட் வாங்குங்க, போட்டோன்னா ஸ்ட்ரோப், ஏன்னா வீடியோ லைட்டோட பளிச்சுங்கற பவர் போட்டோவுக்கு ரொம்ப கம்மி. லைட்டே வேண்டாம்னு நினைச்சா சிவப்பு ஃபில்டர் போட்டு 5ல இருந்து 15 மீட்டர் வரைக்கும் நீலத்தண்ணியில ஓரளவு சமாளிக்கலாம், அதுக்கும் கீழ அங்க சிவப்பே மிச்சம் இல்லாதப்போ ஃபில்டர் என்ன பண்ணும். ஃபில்டர் போட்டுட்டு ஸ்ட்ரோபையும் அடிக்காதீங்க, எல்லாம் செக்கச்செவேல்னு வரும். எதுல எடுத்தாலும் கேமரா படத்த மாத்தாம சேமிக்கிற RAW ஃபைலா எடுங்க, கலர் சரி பண்றதுக்கு இடம் இருக்கும்.

ஸ்ட்ரோப் வாங்குனதும் அடுத்து வர்ற புகார், "படம் பூரா வெள்ளை வெள்ளையா புள்ளி". தண்ணியில மிதக்குற மணலும் தூசும் தான் அது, கேமராகிட்டயே இருந்து நேரா அடிக்கிற வெளிச்சம் அந்த தூசுல பட்டு லென்ஸுக்கே திரும்பி வருது. கேமராவுல இருக்குற சின்ன ஃப்ளாஷ அணைச்சு வைங்க, இல்லன்னா ஃபைபர் கேபிள் வழியா ஸ்ட்ரோப தட்டிவிடுறதுக்கு மட்டும் வச்சுக்கிட்டு அந்த வெளிச்சம் தண்ணிக்குள்ள போகாத மாதிரி மறைச்சுடுங்க. ஸ்ட்ரோபுகள ரெண்டு பக்கமும் தள்ளி, போர்ட்டுக்கு (ஹவுஸிங்ல லென்ஸ் முன்னாடி இருக்குற கண்ணாடி பாகம்) கொஞ்சம் பின்னால வச்சு லேசா வெளிப்பக்கம் திருப்புங்க. வெளிச்சத்தோட நடு பாகம் படாம ஓரம் மட்டும் மீன் மேல படணும். கொஞ்ச நாள் பழகணும் இதுக்கு, ஆனா பழகிட்டா கலங்கின தண்ணியிலயும் சுத்தமான படம் வரும்.

லென்ஸ் பத்தி ரொம்ப இழுக்கல. தட்டையான கண்ணாடி இருக்குற போர்ட்ல எல்லாம் மூணுல ஒரு பங்கு பெருசா தெரியும், 24 எம்எம் லென்ஸ் கிட்டத்தட்ட 32 மாதிரி ஆயிடும். சின்ன உயிரினங்கள எடுக்க அது நல்லது, வைடா எடுக்கணும்னா வளைஞ்ச கண்ணாடி வச்ச டோம் போர்ட் வேணும், அதுக்கு கிட்டத்துல ஃபோகஸ் ஆகுற லென்ஸும் வேணும், வாங்குறதுக்கு முன்னாடி அத உறுதி பண்ணிக்கோங்க. வெளிய இருந்து மாட்டுற வெட் லென்ஸ் வாங்குனா தண்ணிக்குள்ள இறங்கினதும் ஒரு தடவ கழட்டி நடுவுல நிக்குற காத்துக்குமிழிய விட்டுட்டு மாட்டுங்க.

இனி ஓ-ரிங், முதல்ல சொன்ன அந்த ரப்பர் வளையம். என் மேஜைக்கு வர்ற முக்கால்வாசி கேஸ் இதுல தான் வருது. ஹவுஸிங்க திறந்து அந்த கறுப்பு வளையத்த டார்ச்ச சாய்ச்சு புடிச்சு பாத்தா கதை தெரிஞ்சுடும்: குறுக்கால ஒரே ஒரு தலைமுடி, இல்லன்னா ஒரு மணல், இல்லன்னா காதுக்குச்சில இருந்து உதிர்ந்த பஞ்சு இழை. பள்ளத்த சுத்தம் பண்றேன்னு காதுக்குச்சிய விட்டு அதோட பஞ்சே உள்ள மாட்டிக்கிட்டு வர்ற கேஸ் அவ்ளோ பாத்திருக்கேன், தயவுசெஞ்சு இழை உதிராத துணிய பயன்படுத்துங்க. வளையத்த எடுக்க ஊசி, கத்தி முனை எதுவும் வேண்டாம், ரெண்டு விரலால பக்கவாட்டுல தள்ளினா ஒரு இடத்துல மேல எழும்பும், இல்லன்னா கூட குடுக்குற ப்ளாஸ்டிக் கொக்கி இருக்கும். எடுத்ததும் விரலுக்கு நடுவுல மெதுவா ஓட விடுங்க, கண்ணுக்கு தெரியாத வெட்டு கூட விரலுக்கு தட்டுப்படும்.

க்ரீஸ் விஷயத்துல பெரிய தப்பான நம்பிக்கை ஒன்னு இருக்கு, நிறைய தடவினா தண்ணி வராதுன்னு. தண்ணிய நிறுத்துறது வளையம் நசுங்கி உக்கார்றது தான், க்ரீஸ் அது வழுக்கி சரியா உக்கார மட்டும் தான். லேசா பளபளக்குற அளவு போதும், கொழகொழன்னு இருந்தா முடியும் மணலும் தேடி வந்து ஒட்டும். எந்த க்ரீஸ்ங்கறதும் முக்கியம், சில வளையத்துக்கு சிலிக்கான் க்ரீஸ் போட்டா ஊதிப்போயிடும், அதனால ஹவுஸிங் கம்பெனி குடுக்குறதையே போடுங்க. இந்த வேலைய படகுல, ஈரக் கையோட, தலையில தண்ணி சொட்ட சொட்ட பண்ணாதீங்க. முந்தின ராத்திரி நல்ல வெளிச்சத்துல உக்காந்து பண்ணுங்க. உள்ள ஒரு சிலிக்கா ஜெல் பை போட்டு காஞ்ச காத்து இருக்குற ரூம்ல மூடினா போர்ட்ல ஆவி படியுற தொல்லையும் குறையும்.

புது ஹவுஸிங்க முதல் தடவ கேமராவோட இறக்கவே கூடாது. உள்ள டிஷ்யூ பேப்பர வச்சு, மிதக்காம இருக்க ஒரு வெயிட் போட்டு, போற ஆழத்துக்கு கொண்டு போய் எல்லா பட்டனையும் அமுக்கி பாத்துட்டு வாங்க, மேல வந்து தொட்டுப் பாத்தா தெரிஞ்சுடும். வேக்குவம் செக் வசதி இருந்தா அதுக்கு செலவு பண்ண யோசிக்காதீங்க. உள்ள இருக்குற காத்த பம்ப் பண்ணி எடுத்துட்டு 20, 30 நிமிஷம் விட்டு பாத்தா, எங்கயாவது கசிஞ்சா தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடியே விளக்கு காட்டிக் குடுத்துடும். இன்னொன்னு, ஆழத்துல தான் லீக் ஆகும்னு நினைக்கிறாங்க. ஆழத்துல அழுத்தம் கதவ இறுக்கமா அமுக்கும், லேசா மூடின ஹவுஸிங் பெரும்பாலும் மேல் தண்ணியிலயோ டைவ் முடிச்சு கழுவுற தொட்டியிலயோ தான் நிறையும். அதனால கேமராவோட குதிக்காதீங்க, நீங்க இறங்கின பிறகு மேல இருந்து கையில குடுக்க சொல்லுங்க. கழுவுற தொட்டியில பத்து பேர் கேமரா ஒன்னு மேல ஒன்னா கிடக்குற இடத்துல உங்களோடதயும் போட்டுட்டு சாப்பிட போயிடாதீங்க.

உள்ள தண்ணி வந்துடுச்சுன்னா என்ன பண்றதுன்னு இப்பவே தெரிஞ்சு வச்சுக்கோங்க. போர்ட்ட கீழ பாத்து புடிங்க, தண்ணி கேமராவ விட்டு போர்ட் பக்கம் சேரும். அதுக்காக மேல ஓடி வராதீங்க, வழக்கமான வேகத்துல ஏறி 5 மீட்டர்ல 3 நிமிஷம் நின்னுட்டு தான் வரணும், கேமரா போனா போகட்டும். மேல வந்ததும் ஆன் பண்ணி பாக்காதீங்க, பேட்டரிய கழட்டி தனியா, எதுவும் தீப்பிடிக்காத இடத்துல வைங்க, நனைஞ்ச லித்தியம் பேட்டரி சூடாகும். கேமரா பெரும்பாலும் பிழைக்காது, ஆனா ஹவுஸிங்க உடனே நல்ல தண்ணியில கழுவினா காப்பாத்திடலாம், அத தூக்கி போட்டுடாதீங்க.

நான் ரொம்ப கவலைப்படுறது கேமராவ விட ஆள பத்தி தான். கேமரா கையில வந்ததும் டைவரோட மொத்த கவனமும் அந்த சின்ன ஸ்க்ரீன்ல போய் மாட்டிக்குது, காத்து எவ்ளோ இருக்குன்னு பாக்குறதில்ல, கூட வந்தவர் எங்க இருக்கார்னு தெரியாது, அசையாம எடுக்கணும்னு மூச்ச அடக்குறாங்க. ஸ்கூபாவுல மூச்ச அடக்கிட்டு கொஞ்சம் மேல எழும்பினாலே நுரையீரலுக்கு ஆபத்து, இத விளையாட்டா எடுத்துக்காதீங்க. ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு ஒரே ஆழத்துல மூச்ச வச்சே நிக்க வருதா? வந்துச்சுன்னா கேமரா எடுக்கலாம். வரலன்னா இன்னும் கொஞ்ச நாள் சும்மா டைவ் பண்ணுங்க. நிக்க தெரியாதவர் ஒரு கையால பவளத்த புடிப்பார், கால்ல மாட்டுற ஃபின்ஸால மணல கிளப்புவார், அந்த மணல் தான் அவர் படத்துலயும் புள்ளியா வரும். கேமராவ கொக்கி போட்டு உடம்போட மாட்டிக்கோங்க, அவசரத்துல ரெண்டு கையும் காலியா இருக்கணும்.

ஃப்ளாஷ் அடிச்சா மீனுக்கு கண்ணு போயிடுமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. 2019ல வந்த ஒரு ஆய்வுல கடல்குதிரைகளோட கண்ண சோதிச்சு பாத்தப்போ ஃப்ளாஷால சேதம் தெரியல, ஆனா சின்ன மீன்கள தொட்டு நகத்துனா அதுங்க ரொம்ப மிரண்டு போறது தெளிவா தெரிஞ்சுது. அப்படியிருந்தும் ஒரே கடல்குதிரைக்கு பத்து பேர் வரிசையா நின்னு ஃப்ளாஷ் அடிக்கிறத நான் அனுமதிக்கறதில்ல. குச்சியால தள்ளி நல்ல ஆங்கிள்ல திருப்புறவங்கள என் டைவ்லயே சேக்கறதில்ல.

டைவ் முடிஞ்சதும் ஹவுஸிங்க திறக்காம நல்ல தண்ணியில அரை மணி நேரம் ஊற வச்சு, தண்ணிக்குள்ளயே ஒவ்வொரு பட்டனையும் அமுக்கி அமுக்கி விடுங்க. பட்டன் தண்டுல காஞ்ச உப்பு கண்ணாடித்தூள் மாதிரி உக்காந்துடும், அப்புறம் ஒவ்வொரு தடவ அமுக்கறப்பவும் உள்ள இருக்குற குட்டி ஓ-ரிங்க அறுக்கும். அந்த குட்டி வளையங்கள நீங்க வெளிய இருந்து பாக்க முடியாது, வருஷத்துக்கு ஒரு தடவ சர்வீஸ்ல தான் மாத்தணும்.

செகண்ட் ஹேண்ட் ஹவுஸிங் வாங்குறவங்களுக்கும் இதுல தான் சிக்கல். ஒரு ஹவுஸிங் பெரும்பாலும் ஒரு கேமரா மாடலுக்கு மட்டும் தான் பொருந்தும், அடுத்த மாடல்ல ஒரு பட்டன் ரெண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் பயன்படாம போயிடலாம். அதனால கேமராவும் ஹவுஸிங்கும் சேந்து கிடைச்சா மட்டும் யோசிங்க, கடைசியா எப்ப சர்வீஸ் பண்ணாங்கன்னு கேளுங்க, எல்லா பட்டனையும் அமுக்கி ஒட்டாம திரும்பி வருதான்னு பாருங்க, கண்ணாடி ஓரத்துல வெள்ளையா பூத்திருக்கான்னு பாருங்க. அந்த மாடலுக்கு ஓ-ரிங் செட் இன்னும் விக்கிறாங்களான்னு விசாரிங்க, இல்லன்னா எவ்ளோ மலிவா குடுத்தாலும் விட்டுடுங்க.