கை போடவே இல்ல டாக்டர், கிக் மட்டும்தான் அடிச்சேன்!

இந்த ஒரு டயலாக்கை இந்த மாசத்துல மட்டும் தோள் வலியோட வந்த மூணு நீச்சல்காரங்க சொல்லிட்டாங்க, மூணாவது ஆள் சொன்னப்போ எனக்கு உள்ளுக்குள்ள ஏதோ புட்டுக்கிச்சு, அதான் எழுத உட்கார்ந்துட்டேன். (முதல்ல நான் டாக்டர் இல்லங்க, பிசியோதெரபிஸ்ட். அதை எத்தனை தடவை சொன்னாலும் யாரும் விடறதில்ல, போகட்டும்.)

அந்த மூணாவது ஆளுக்கு 46 வயசு. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடி வேலை, 38 வயசுல நீச்சல் கத்துக்கிட்டவர், கத்துக்கிட்டதுல இருந்து பூல்தான் உலகம். வலது தோள்ல வலின்னு வந்தார், பார்த்தேன், மூணு வாரம் ஃப்ரீஸ்டைல் வேண்டாம்னு சொன்னேன். தலையாட்டிட்டுப் போனவர் வலி இன்னும் கூடிப்போய் திரும்ப வந்து நிக்கிறார். பூல் பக்கமே போகலையான்னு கேட்டா, "போனேன், ஆனா கை போடவே இல்ல, மிதக்கற போர்டைப் பிடிச்சு, பூலோட ஒரு முனையில இருந்து மறுமுனைக்கு 20 லெங்த் கிக் மட்டும்தான் அடிச்சேன், தோளுக்கு ரெஸ்ட்தானே கொடுத்தேன்"ங்கிறார்.

பேசிப் புரியவைக்க முடியாதுன்னு அவரைக் குப்புறப் படுக்க வச்சேன். ரெண்டு கையையும் தலைக்கு மேல நீட்டி தலையணையைப் போர்டு மாதிரி பிடிச்சுக்கச் சொன்னேன், தலையைத் தூக்கி முன்னாடி பாருங்கன்னேன். அது வரைக்கும் ஒண்ணும் இல்ல. அப்புறம் தண்ணி போர்டைக் கீழ இருந்து மேல தள்ளுமே, அந்த மாதிரி என் ரெண்டு விரலால தலையணையை லேசா மேல தூக்கினேன், அவ்வளவுதான், முகம் சுருங்கிப்போச்சு. இதைத்தான் சார் 20 லெங்த் பண்ணியிருக்கீங்கன்னேன். அதுக்கப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

கிக்தான் அடிக்கணும்னா மல்லாக்கப் படுத்து, கை ரெண்டையும் உடம்போட ஒட்டி வச்சுட்டு அடிங்க. போர்டைத் தொடாதீங்க.

இப்ப எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற விஷயத்துக்கு வர்றேன். "நீச்சல்ல அடியே படாது, தண்ணியில வெயிட்டே இல்ல." இதை யார் ஆரம்பிச்சு வச்சாங்களோ தெரியல. இதுல பாதி உண்மை இருக்கு, அதான் பிரச்சனை. இடுப்பளவு தண்ணியில நின்னா உடம்பு எடையில கிட்டத்தட்ட பாதிதான் காலுக்கு வருது, அதனால முட்டிவலிக்காரங்களுக்குத் தண்ணி வரப்பிரசாதம், நானே அனுப்பி வைக்கிறேன். ஆனா தோளுக்கு அந்தக் கணக்கு எப்படிங்க பொருந்தும்? தரையில உங்க தோள் உடம்பைச் சுமக்குதா? சும்மா தொங்கிட்டுதானே இருக்கு? தண்ணிக்குள்ள இறங்கின நிமிஷத்துல இருந்து மொத்த உடம்பையும் முன்னாடி இழுத்துட்டுப் போற வேலை தோளுக்கு வந்துடுது, தரையில கால் நடக்குதுன்னா தண்ணியில தோள்தான் நடக்குது. அதுவும் வேகத்தை ரெட்டிப்பாக்கினா தண்ணியோட எதிர்ப்பு நாலு மடங்காகும், அதனால பக்கத்து லேன் ஆளை முந்தறேன்னு ரெண்டு லெங்த் பறந்தீங்கன்னா அது கணக்குல ரெண்டு லெங்த் இல்ல.

இதையும் எண்ணிப் பாருங்க. 25 மீட்டர் பூல்ல ஒரு லெங்த்துக்கு சராசரியா 20 கை போடறீங்கன்னு வச்சுக்குவோம். ஒரு கிலோமீட்டர்னா 40 லெங்த், 800 கை, ஒரு தோளுக்கு 400. வாரத்துல நாலு நாள்னா 1600 தடவை ஒரே தோள் தலைக்கு மேல போய் சுத்திட்டு வருது. வெயிட் தூக்கறவங்க யாராவது வாரத்துக்கு 1600 தடவை ஒரே கையைத் தலைக்கு மேல தூக்கறேன்னு சொன்னா நீங்களே பைத்தியமான்னு கேப்பீங்க. 'ஸ்விம்மர்ஸ் ஷோல்டர்'னு இதுக்குத் தனிப் பேரே 1974ல வச்சுட்டாங்க, இப்ப வந்து நீச்சல்ல அடிபடாதுன்னு என்கிட்டயே சொல்றாங்க.

சரி, தோள் வலிக்குதுன்னு பிரெஸ்ட் ஸ்ட்ரோக்குக்கு மாறிடறவங்க ஒரு கோஷ்டி. அந்தக் கிக்ல முட்டியோட உள்பக்க ஜவ்வு இழுபடும், ரெண்டு மாசத்துல தோள் ஃபைலோட முட்டி ஃபைலும் சேர்ந்துடும். இன்னொரு கோஷ்டி கால் மிதக்கறதுக்கு நடுவுல 'புல் பாய்'ங்கிற மிதவையை வச்சுட்டு கையால மட்டும் நீந்தறது, அப்புறம் கையில பேடில் வேற. வலிக்கிற தோள்ல பெரிய துடுப்பைக் கட்டி விடறதுக்கு என்ன பேர்னு நீங்களே சொல்லுங்க. மாத்திரை போட்டுட்டு இறங்கறவங்களைப் பத்தி நான் எழுதவே போறதில்ல, பிபி ஏறும்.

இதுக்கு நேர் எதிரா, வலின்னதும் கையை அசைக்காமலே மாசக்கணக்கா வச்சிருக்கறவங்களும் இருக்காங்க. 40 தாண்டினவங்க, அதுலயும் சர்க்கரை இருக்கறவங்க, தயவுசெய்து அப்படிப் பண்ணாதீங்க. முழங்கையை இடுப்போட ஒட்டி வச்சுட்டு முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்க, ஒரு பக்கம் மட்டும் திரும்பாம இறுகிப்போயிருந்தா அது ஃப்ரோஸன் ஷோல்டரா இருக்கலாம், அதுக்கு வைத்தியமே வேற. அப்புறம் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டைத் தூக்கிட்டு "ஜவ்வு கிழிஞ்சிருக்காம்"னு அழுதுட்டே வர்றவங்களுக்கு ஒண்ணு, வயசாக ஆக வலியே இல்லாத தோள்லயும் சின்னக் கிழிசல் தெரியறது சகஜம், முதல்ல தோளைக் காட்டுங்க, படத்தை அப்புறம் பார்க்கலாம்.

காத்திருக்கவே கூடாதது சிலது இருக்கு. விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியல, விரல் வரைக்கும் மரத்துப்போகுது, ராத்திரி வலி தூங்க விடல, காய்ச்சலோட தோள் சூடா வீங்கியிருக்குன்னா உடனே டாக்டர்கிட்ட போங்க. நீந்தும்போது தோள் வலியோட நெஞ்சு அடைக்குது, வேர்க்குதுன்னா அது தோளே இல்ல, நேரா எமர்ஜென்சிக்கு ஓடுங்க.

என் அனுபவத்துல ஆளுங்க கெட்டுப்போறது ரெஸ்ட்ல இல்ல, திரும்ப இறங்கற முதல் நாள்லதான். மூணு மாசம் கழிச்சு தண்ணியில படுத்ததும் அந்த சுகம் இருக்கே, எனக்கும் தெரியும், நானும் நீந்தறவதான். ரெண்டு வாரத்துல மூச்சு பழையபடி வர ஆரம்பிச்சுடும், உடனே மனசு பழைய தூரத்தைக் கேக்கும். ஆனா தசைநார் மூச்சு மாதிரி இல்லீங்க, அது தேறி வர மாசக்கணக்காகும். ஊசி போட்டு வலி போனாலும் இதே கதைதான், வலிதான் போயிருக்கு, பலம் இன்னும் வரல. இப்படிச் சொன்னா உடனே அமெரிக்க நீச்சல் வீராங்கனை டாரா டாரஸ் 41 வயசுல 2008 ஒலிம்பிக்ல மூணு வெள்ளி வாங்கலையான்னு ஒருத்தர் கேட்டார். வாங்கினாங்க, 50 மீட்டர்ல ஒரு விநாடியில நூத்துல ஒரு பங்குலதான் தங்கம் போச்சு. அவங்களுக்கு ஸ்ட்ரெச் பண்ணி விடறதுக்கே தனியா ஆள் இருந்தாங்க, உங்களுக்கு இருக்கறது வாரம் அரைமணி நேரம் நான்தான்.

அதனால நான் சொல்ற கணக்கு இது. முதல் நாள் 200 மீட்டர், ஒவ்வொரு லெங்த்துக்கும் நின்னு நின்னு. நல்லா இருக்கும்போதே ஏறிடுங்க. பரீட்சை பூல்ல இல்ல, மறுநாள் காலையில. தலை வாரும்போது, சட்டை மாட்டும்போது தோள் எப்படி இருக்குன்னு பாருங்க. பத்துக்கு ரெண்டு மூணு அளவுக்கு வலிச்சு அன்னிக்கே அடங்கிட்டா பரவாயில்ல, மறுநாளும் நின்னா அடுத்த தடவை தூரத்தைக் குறைங்க. நடுவுல ஒரு நாள் கட்டாயம் விடணும். முதல்ல தூரம், அப்புறம் வேகம், ரெண்டையும் ஒரே வாரத்துல ஏத்தாதீங்க. ரப்பர் பேண்ட் பயிற்சி போரடிக்கும்தான், இருந்தாலும் பண்ணுங்க. கை தண்ணிக்குள்ள கட்டைவிரல் முதல்ல நுழையுதான்னு, தலைக்கு முன்னாடி மறுபக்கம் தாண்டிப் போகுதான்னு கோச்சைப் பார்க்கச் சொல்லுங்க, ரெண்டுமே தப்பு, அதைச் சரி பண்ணாம என்கிட்ட எத்தனை தடவை வந்தாலும் அதே வலிதான். ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு இந்தக் கணக்கு கிடையாது, உங்க சர்ஜன் தேதி சொல்ற வரைக்கும் இறங்கவே கூடாது, தையல் போட்ட புண் முழுசா மூடாம பூல் தண்ணி படவே கூடாது.

பூல் இல்லாம இருக்க முடியலன்னு சொல்றவங்களை நான் திட்டறதில்ல. காலையில அந்த ஒரு மணி நேரம்தான் பலபேருக்கு மூச்சு விடற நேரம், அது போனா வீட்டுல எரிஞ்சு எரிஞ்சு விழுவாங்க, வீட்டுக்காரங்களே எனக்கு ஃபோன் பண்ணி எப்ப விடுவீங்கன்னு கேட்டிருக்காங்க. போங்க, அதே நேரத்துக்கே போங்க, நெஞ்சளவு தண்ணியில நடங்க, மல்லாக்கக் கிக் அடிங்க, கூட்டாளிங்களோட கதை பேசிட்டு வாங்க.

நம்ம 46 வயசுக்காரர் இப்ப 12 லெங்த்ல இருக்கார். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை "இன்னும் ரெண்டு போட்டுக்கட்டுமா"ன்னு மெசேஜ் வரும், நானும் வேண்டாம்னு போட்டுடுவேன். அவரோட பேடில் ரெண்டும் இப்ப என் அலமாரியிலதான் இருக்கு.