மார்ஃபோமெட்ரிக்ஸ்: உருவவியலா, உருவளவியலா?

நெருங்கிய உறவுள்ள மீன் இனங்களைப் பிரித்துக் காட்டும் ஆய்வுகளில் அடிக்கடி வரும் சொல் மார்ஃபோமெட்ரிக்ஸ். கிரேக்கத்தில் மார்ஃபே என்றால் உருவம், மெட்ரான் என்றால் அளவு. பலரும் இதை ‘உருவவியல்’ என்று எழுதிவிடுகிறார்கள், அது மார்ஃபாலஜிக்கு உரிய சொல். அங்கே ‘முதுகில் திமில், ஆரஞ்சு நிற வால்’ என்று எழுதினாலே போதும். இங்கே காலிப்பரை, அதாவது நுணுக்கமாக அளக்கும் இடுக்கியை, எடுக்காமல் வேலை நடக்காது. ஆகவே உருவளவியல் என்பதே சரி.

முதலில் எடுப்பது திட்ட நீளம். மூஞ்சி நுனியிலிருந்து வால் துடுப்பின் அடி வரைக்கும்தான், வால் நுனி வரைக்கும் இல்லை, ஏனென்றால் வால் துடுப்பு கிழிந்தும் தேய்ந்தும் இருக்கும். வாலை லேசாக மடக்கினால் முதுகெலும்பு முடியுமிடத்தில் ஒரு மடிப்பு விழும், அதுதான் கணக்கு. அப்புறம் தலை நீளம், உடல் உயரம், கண் விட்டம் எல்லாம் எடுத்து விகிதமாக்குவார்கள். பக்கக்கோட்டுச் செதில்களையும் (உடலின் பக்கவாட்டில் ஓடும் கோட்டில் உள்ளவை) துடுப்புக் கதிர்களையும் (துடுப்பைத் தாங்கும் குச்சிகள்) எண்ணுவது வேறு சங்கதி. அதன் பெயர் மெரிஸ்டிக்ஸ், என்னைக் கேட்டால் ‘உறுப்பெண்ணியல்’ என்பேன்.

விகிதத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. மீன் வளர வளர உடலின் விகிதமும் மாறும், குஞ்சின் கண் தலைக்குப் பெரிதாகத் தெரியும். காவிரியின் திமில் மகசீர் என்ற பெரிய ஆற்று மீனின் கதையைப் பாருங்கள். ஐம்பது கிலோவைத் தாண்டும் மீன், தூண்டில்காரர்களுக்கு நூறு வருடத்துக்கு மேல் பழக்கம், ஆனால் உருப்படியான அறிவியல் பெயர் கிடையாது. காவிரியின் துணையாறான அமராவதியோடு சேரும் கேரளத்துப் பாம்பாற்றில் பிடித்த சிறிய மீன்களை வைத்து டோர் ரெமாதேவி என்ற இனத்தை விவரித்தார்கள். பெரிய திமில் மகசீரும் இந்தச் சிறிய மீனும் ஒரே இனம் என்பது 2018-இல்தான் நிலைநாட்டப்பட்டது, அதுவும் காவிரிப் படுகையின் மோயாற்றில் பிடித்த மீன்களின் உடல் அமைப்போடு டிஎன்ஏவையும் சேர்த்துப் பார்த்த பிறகு. அதே ஆண்டு அது மிக அருகிய இனப் பட்டியலிலும் ஏறியது.

டிஎன்ஏ வந்துவிட்டதே, இனி காலிப்பர் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அருங்காட்சியகப் புட்டியில் கிடக்கும் பழைய மீன் பெரும்பாலும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் ஊறியது, அதிலிருந்து மரபணுவை எடுப்பது பெரும்பாடு, அங்கே அளவுகளும் எண்ணிக்கையும்தான் கைகொடுக்கும். (அதனால்தான் இப்போது ஃபார்மலினில் போடுமுன் துடுப்பில் ஒரு துண்டு நறுக்கி எத்தனாலில் போட்டுவிடுகிறார்கள்.) இன்னொன்று, வழக்கமாகப் பார்க்கும் மைட்டோகாண்ட்ரிய மரபணு (உட்கருவுக்கு வெளியே, செல்லின் ஆற்றல் உறுப்பில் இருப்பது) தாய்வழி மட்டுமே வருவது. காவிரியில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட டோர் குத்ரீ என்ற இன்னொரு மகசீரும் பெருகிக் கிடக்கிறது; இரண்டும் கலந்து ஒரு மீன் பிறந்தால் இந்தச் சோதனை தாய் யார் என்று மட்டும் சொல்லும், தகப்பனைத் தெரிந்துகொள்ள உட்கரு டிஎன்ஏவையும் பார்க்க வேண்டும்.