‘சி.ஜி.’ என்னும் எடை மையம்

சிறிய விமானம் ஓட்டுபவர்களின் பேச்சில் ஓயாமல் அடிபடும் சுருக்கம் ‘சி.ஜி.’. விரித்தால் ‘சென்டர் ஆஃப் கிராவிட்டி’. விமானத்தை ஒரே ஒரு புள்ளியில் தாங்கினால் எப்பக்கமும் சாயாமல் நிற்குமே, அந்தப் புள்ளி. மொத்த எடையும் அங்கே குவிந்திருப்பதாக வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

கருத்து பழையது, ஆர்க்கிமிடீஸ் கையாண்டது. ‘சென்டர்’ என்பதற்கு மூலமான ‘கென்ட்ரோன்’ கிரேக்கத்தில் கூர்முனையை, மாடு ஓட்டும் தாற்றுக்கோலின் முள்ளைக் குறித்தது. பிறகு கவராயத்தின் ஊன்றிய முனைக்கும் வட்டத்தின் நடுவுக்கும் ஆனது. வடமொழி வழியாக நம்மிடம் வந்த ‘கேந்திரம்’ என்பதும் இதே சொல்தான். ‘கிராவிட்டி’யோ கனம் என்னும் பொருளுள்ள லத்தீன் ‘கிராவிஸ்’ வழி வந்தது. ஈர்ப்பு என்னும் பொருள் அதன்மேல் பிற்பாடு ஏறியது.

நம் பாடநூல்கள் ‘ஈர்ப்பு மையம்’, ‘புவியீர்ப்பு மையம்’ என்கின்றன. பிழையில்லை. ஆனாலும் அங்கே ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டிருப்பதுபோல் மயக்கம் தருகின்றன. ‘நிறை மையம்’ வேறொரு கலைச்சொல்லுக்குப் போய்விட்டது. ஆகவே விமானத்துக்கு ‘எடை மையம்’ என்பதே பொருந்தும். எடு என்னும் வினையில் பிறந்த ‘எடை’ பறக்கும் பொருளுக்குக் கூடுதலாகவே ஒத்துப்போகிறது!

எடை வரம்புக்குள் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. போதாது; அது எங்கே இருக்கிறது என்பதும் வேண்டும். நான்கு இருக்கை செஸ்னா 172எஸ் விமானத்தை எடுத்துக்கொள்வோம். எஞ்சினுக்குப் பின்னுள்ள தீத்தடுப்புச் சுவரிலிருந்து தூரங்களை அளக்கிறார்கள். முன் இருக்கை 37 அங்குலத்தில், பின் இருக்கை 73இல், பெட்டி வைக்கும் இடம் 95இல். எடையைத் தூரத்தால் பெருக்கினால் வருவது ‘மொமென்ட்’, தமிழில் திருப்புத்திறன். திருப்புத்திறன்களின் கூட்டுத்தொகையை மொத்த எடையால் வகுத்தால் எடை மையம் கிடைத்துவிடும். உச்ச எடையான 2,550 பவுண்டில் அது 41 முதல் 47.3 அங்குலத்துக்குள் இருந்தாக வேண்டும். 50 பவுண்டுப் பெட்டி ஒன்றை முன் இருக்கையிலிருந்து பெட்டி வைக்கும் இடத்துக்கு மாற்றினாலே மையம் ஓர் அங்குலத்துக்கு மேல் நகர்ந்துவிடும். மொத்த எடையில் ஒரு பவுண்டுகூட மாறியிருக்காது.

மையம் அளவுமீறி முன்னே போனால் மூக்கு கனக்கும். தரையிறங்கும்போது அதைத் தூக்குவது பெரும்பாடு. பின்னே போவதுதான் கொடியது. விமானம் நிலையின்றி ஆடும். மூக்கு மேலே கிளம்பி இறக்கை தாங்குதிறனை இழந்துவிட்டால், மூக்கைக் கீழே கொண்டுவர வாலிலுள்ள, மூக்கை ஏற்றி இறக்க உதவும் அசையும் தட்டான எலிவேட்டருக்கு வலு போதாமல் போகலாம்.

2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் ஏர் மிட்வெஸ்ட் நிறுவனத்தின் பீச்கிராஃப்ட் 1900டி விமானம் கிளம்பியவுடன் மூக்கு உயர்ந்து விழுந்தது. அதிலிருந்த 21 பேரும் இறந்தார்கள். எலிவேட்டர் கம்பி பராமரிப்பில் தவறாகப் பொருத்தப்பட்டிருந்தது. எடை மையமும் பின் எல்லையைத் தாண்டியிருந்தது. காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது, ஏனெனில் பயணிகளை நிறுக்காமல் சராசரி எடையை வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். அதன்பின் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் அந்தச் சராசரியை உயர்த்தியது.