நியோகிளாசிக்கல்னா "நவீன பாரம்பரியம்" இல்லைங்க

"நவீன பாரம்பரிய பாணியில் கட்டப்பட்ட வணிகர் மாளிகை". இந்த வரியை இன்னொரு தடவை கேட்டா போனைத் தூக்கி எறிஞ்சிடுவேன் போல இருக்கு. லண்டனோ பாரிஸோ கல்கத்தாவோ, தூண் வச்ச ஒரு பழைய வீட்டைக் காட்டினா போதும், வீடியோக்குப் பின்னாடி தமிழ்ல ஒரு குரல் இதையே ஒப்பிக்குது. பழைய கிரேக்க ரோமானியக் கட்டடங்களைப் பாத்து 18ஆம் நூற்றாண்டுல ஐரோப்பாவுல கிளம்பின பாணி நியோகிளாசிக்கல், அந்த ஆங்கிலச் சொல்லைத்தான் இப்படி மாத்தறாங்க. கடைசியா கேட்டது இங்கிலாந்துல பிரிஸ்டல் நகரத்துல இருக்கிற ஜார்ஜியன் ஹவுஸ் மியூசியத்தைப் பத்தி. நியோன்னா நவீனம், கிளாசிக்கல்னா பாரம்பரியம், ரெண்டையும் ஒட்டினா மொழிபெயர்ப்பு ரெடின்னு நினைப்பு. ரெண்டு பாதியுமே தப்பு.

சொல்லு எங்கேருந்து வந்ததுன்னு சீக்கிரம் சொல்லிடறேன். நியோ கிரேக்கம், நெயோஸ்னா புதுசு. கிளாசிக்கல் லத்தீன், கிளாசிகுஸ். பழைய ரோம்ல சொத்துக் கணக்கைப் பாத்து ஜனங்களை வகுப்பு வகுப்பா பிரிச்சு வச்சிருந்தாங்க, அதுல முதல் வகுப்புக்காரனுக்கு அந்தப் பேரு. பிறகு முதல்தரமான எழுத்தாளனைச் சொல்ல ஆரம்பிச்சு, ரொம்ப நாள் கழிச்சு கிரேக்க ரோமானியக் கலை மொத்தத்துக்கும் அதுவே பேராயிடுச்சு. நியோவையும் இதையும் சேத்து ஒரே சொல்லா புழங்கினது 19ஆம் நூற்றாண்டுல, அதாவது அந்த வீடுகளைக் கட்டினவங்க யாரும் தங்களோட பாணிக்கு இப்படி ஒரு பேர் வரும்னு கேள்விப்பட்டதே இல்லை.

இப்ப அந்த "பாரம்பரியம்". பரம்பரையா வர்றது பாரம்பரியம். தாத்தா அப்பாகிட்ட குடுத்து, அப்பா நம்மகிட்ட குடுத்து, சங்கிலி அறாம வரணும். நியோகிளாசிக்கல் அதுக்கு நேர் எதிர். இத்தாலில 1738ல ஹெர்குலேனியம்ங்கிற பழைய ரோமானிய ஊரைத் தோண்டறாங்க, 1748ல பாம்பெய், எரிமலைச் சாம்பலுக்கு அடியில கிட்டத்தட்ட 1700 வருஷம் கிடந்த வீடும் சுவரும் தூணும் வெளிய வருது. ராபர்ட் ஆடம்னு ஸ்காட்லாந்து ஆர்க்கிடெக்ட், 1757ல அட்ரியாடிக் கடலோரம் ஸ்ப்ளிட் வரைக்கும் போயி டயோக்ளீஷியன்ங்கிற ரோமானியப் பேரரசனோட அரண்மனையை அளந்து வரைஞ்சு, 1764ல புத்தகமாவே போட்டுட்டாரு. இதையெல்லாம் பாத்துதான் இங்கிலாந்துல இருந்த பணக்காரங்க "எங்களுக்கும் இது மாதிரி வேணும்"னு கிளம்பினாங்க. பிரிஸ்டல் வியாபாரியோட தாத்தாவுக்கும் பாம்பெய்க்கும் என்ன சம்பந்தம்? சங்கிலி எப்பவோ அறுந்துபோச்சு, மண்ணைத் தோண்டி, அளந்து, புத்தகத்துல படம் பாத்து திரும்ப எடுத்துக்கிட்டது இது. பரம்பரையா வராத ஒண்ணைப் பாரம்பரியம்னு சொன்னா அந்தப் பாணியோட கதையே தலைகீழாயிடுது.

அடுத்தது "நவீன". தமிழ்ல நவீனம்னா மாடர்ன், அதுல யாருக்கும் சந்தேகம் கிடையாது. நவீன ஓவியம், நவீன கவிதை, நவீன நாடகம்னு சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லு அங்கயே உக்காந்துடுச்சு. கட்டடக்கலைலயும் மாடர்னுக்குன்னு தனி இடம் இருக்கு: கான்கிரீட், கண்ணாடி, தட்டைக் கூரை, லெ கொர்பூசியேங்கிற ஆர்க்கிடெக்ட், அவர் திட்டம் போட்ட சண்டிகர். அந்தக் கூட்டம் முதல்ல தூக்கி எறிஞ்சதே இந்தக் கிரேக்கத் தூணையும் முக்கோண முகப்பையும்தான். அப்புறம் ரெண்டுக்கும் ஒரே சொல்லை வச்சா, நாளைக்கு ஒரு மாணவன் சண்டிகரையும் பிரிஸ்டலையும் ஒரே பாணின்னு பரீட்சைல எழுதுவான், அவனைக் குத்தம் சொல்ல முடியாது.

"நவசெவ்வியல்"னு எழுதறவங்க இருக்காங்க. நவகாலனியம், நவதாராளவாதம்னு நவ வச்சு நிறைய சொல்லு ஏற்கனவே ஓடுது, அதனால அது முழுத்தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா நம்மாளு காதுல நவன்னதும் முதல்ல விழறது ஒன்பது. நவக்கிரகம், நவராத்திரி, நவதானியம். நவசெவ்வியல்னா ஒன்பது செவ்வியலான்னு ஒருத்தர் கேட்டா நான் என்ன பதில் சொல்ல? இலங்கைப் பக்கம் கிளாசிக்கலுக்குச் செந்நெறின்னும் எழுதுவாங்க, இலக்கியத்துக்கு அது அழகா பொருந்துது, வீட்டுக்கும் தூணுக்கும் வரும்போது நெறி கொஞ்சம் இடிக்குதுன்னு எனக்குப் படுது. நான் எழுதறது புதுச்செவ்வியல். செவ்வியல் ஏற்கனவே நிலைச்ச சொல்லு, செம்மைலேர்ந்து வந்தது, முதல்தரம்ங்கிற பழைய லத்தீன் அர்த்தத்துக்கும் பக்கத்துல நிக்குது. புது ரெண்டே எழுத்து, கிழவிக்கும் புரியும். நடுவுல ச் போடுங்க தயவுசெஞ்சு, "புது செவ்வியல்"னு பிரிச்சு எழுதினா நேத்து திறந்த கடை மாதிரி இருக்கு.

சரி, அந்த பிரிஸ்டல் வீட்டுக்கே வரேன், ஏன்னா மொழிபெயர்ப்பாளர் அங்க சறுக்கினது ஒரு சொல்லோட நிக்கலை. ஒரு இடத்துல "ஜார்ஜியா நாட்டுப் பாணி வீடு"ன்னே வந்துடுச்சு! ஜார்ஜியன்ங்கிறது நாடு இல்லைங்க, 1714லேர்ந்து 1830 வரைக்கும் வரிசையா நாலு ஜார்ஜ் ராஜாக்கள் இங்கிலாந்தை ஆண்டாங்களே, அந்தக் காலம். ஜார்ஜியன்ங்கிறது காலத்தோட பேரு, புதுச்செவ்வியல் அந்தக் காலத்துக்குள்ள வந்த ஒரு பாணியோட பேரு, ரெண்டையும் குழப்பக் கூடாது. "மாளிகை"யும் கிடையாது. கிரேட் ஜார்ஜ் தெருவுல ஏழாம் நம்பர், சரிவான தெரு, வெளிர் சுண்ணக்கல்லுல ஒரு டவுன் வீடு. 1790 வாக்குல கட்டினது, பிளான் வரைஞ்சவர் வில்லியம் பேட்டி.

அந்தக் காலத்து வீடுகளோட முகத்தை நின்னு பாத்தாதான் செவ்வியல் எங்க ஒளிஞ்சிருக்குன்னு தெரியும். முன்னாடி தூணே இல்லாம கூட இருக்கலாம். ஜன்னல் எல்லாம் ஒரே நேர்கோட்டுல ஒண்ணுக்கு மேல ஒண்ணா நிக்கும், விருந்தாளி உக்கார்ற மாடில உயரமா இருக்கும், மேல போகப் போக குள்ளமாகும், கோயில் தூணோட அளவுக் கணக்கைச் சுவர்ல பரப்பி வச்ச மாதிரி. அதுக்கு முன்னாடி இருந்த பரோக், ரொகோக்கோங்கிற பாணிகளோட ஆளுங்க போட்ட சுருளும் வளைவும் பூவும் இங்க அடங்கிப்போயிருக்கும். இந்த அடக்கம்தான் பாணியே. அதையும் "ஆடம்பர அலங்காரம் நிறைந்த"ன்னு சொல்றாங்க பாருங்க, என்னத்த சொல்ல.

பிரிஸ்டல் வீட்டுக்கு அடித்தளத்துல சமையக்கட்டு இருக்கு, துணி துவைக்கிற இடம் இருக்கு, கூடவே ஒரு சின்ன கல் குளம். பச்சைத்தண்ணில முங்கி எழுந்தா உடம்புக்கு நல்லதுன்னு அந்தக் காலத்துல ஒரு நம்பிக்கை. ரோம்காரன் வீட்டுக் குளியல் ஞாபகம் வருதுல்ல, ஆனா சொந்தக்காரர் அங்கேருந்து எடுத்தாரா, டாக்டர் பேச்சைக் கேட்டு கட்டினாரான்னு நான் தீர்ப்பு சொல்ல வரலை.

சொந்தக்காரர் ஜான் பின்னி. வீடியோ சொல்றது "சர்க்கரை வணிகர்". அரை உண்மை. கரீபியன்ல நெவிஸ் தீவுல அவருக்குக் கரும்புத் தோட்டம், அதுல வேலை செஞ்சது ஆப்பிரிக்க அடிமைங்க, அந்தக் காசுலதான் இந்த நேர்கோட்டு ஜன்னல் எல்லாம். அங்கேருந்து 1783ல பிரிஸ்டலுக்கு வந்தப்போ பெரோ ஜோன்ஸ்னு ஒருத்தரையும் கூட்டிட்டு வந்தாரு. 1765ல, பெரோவுக்கு 12 வயசு இருக்கும்போது, அவரையும் ரெண்டு சகோதரிகளையும் சேத்து விலைக்கு வாங்கினவர் இதே பின்னிதான். பெரோ 1798ல செத்துப்போனாரு, கடைசி வரைக்கும் விடுதலை கிடைக்கலை. 1937ல வீடு நகரத்துக்கே கொடுக்கப்பட்டு மியூசியமாச்சு, இன்னிக்கு உள்ளயே பெரோவோட கதையையும் அடிமை வியாபாரத்தையும் சொல்றாங்க. 1999ல துறைமுகத்துல கட்டின நடைபாலத்துக்கு அவர் பேரைத்தான் வச்சாங்க.

அந்த வீடியோவோட தமிழ்ல பெரோ யாரு? "விசுவாசமான வேலைக்காரர்". வேலைக்காரனுக்குச் சம்பளம் உண்டு, பிடிக்கலைன்னா கிளம்பலாம். பெரோவுக்கு அந்த வழி எங்க இருந்தது? விசுவாசம்ங்கிற சொல்லை யாரு எங்கேருந்து கொண்டுவந்து சேத்தாங்களோ. அடிமைன்னே எழுதணும். பின்னியையும் வெறும் வணிகர்னு விடாம அடிமைத் தோட்ட முதலாளின்னு சேத்து எழுதணும், நாலு எழுத்து கூட ஆனா ஆகட்டும்.

சென்னைக்காரங்களுக்கு ஒண்ணு. ராஜாஜி ஹால் இருக்கே, கவர்னருக்காக கோல்டிங்ஹாம்ங்கிற இன்ஜினியர் 1802ல கட்டி முடிச்ச பழைய விருந்து மண்டபம், சுத்தி தூணும் முன்னாடி பெரிய படிக்கட்டுமா கிரேக்கக் கோயில் மாதிரி நிக்குதே, அதுவும் இதே பாணிதான். அதைப் பத்தி எழுதும்போதும் புதுச்செவ்வியல்னே போடுங்க, அது பிடிக்கலைன்னா நியோகிளாசிக்கல்னு அப்படியே தமிழ் எழுத்துல விட்டுடுங்க, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நவீன பாரம்பரியம் மட்டும் வேண்டாம்.