சொன்னபடி கேட்கும் ரிலே

சாவியை எடுத்த பிறகும் ஹெட்லைட் அரை நிமிடம் எரிந்து வாசல்வரை வெளிச்சம் காட்டும் வசதி புதிய கார்கள் பலவற்றில் உண்டு. பழைய கார் வைத்திருப்பவர்களும் சில நூறு ரூபாய்ச் சாமான்களில் இதைச் செய்துகொள்ளலாம். புரோகிராம் எழுதிப் போடக்கூடிய ஆர்டுயினோ நானோ என்ற குட்டி போர்டு ஒன்று, மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான கார் ரிலே இரண்டு, இடையில் ஒரு டிரைவர் சிப். சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய்வந்தால் போதும். புரோகிராம் எழுதுவது ஒரு மாலை நேர வேலை. ஐந்து வோல்ட்டில் வாழும் நானோவின் சிப்பைக் காருக்குள் உயிரோடு வைத்திருப்பதுதான் பெரும்பாடு.

முதலில் ரிலே. காரில் இருக்கும் கறுப்புச் சதுர ரிலேயைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தால் கால்களுக்கு அருகே 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்கும். டிஐஎன் 72552 என்ற ஜெர்மன் தரம் கொடுத்த எண்கள் இவை. 85, 86 இரண்டும் சுருளின் முனைகள். 30-க்கு பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக மின்சாரம் வரும், 87-லிருந்து விளக்குக்குப் போகும். சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் அது காந்தமாகி உள்ளே ஒரு தகட்டை இழுக்கும், டக்கென்று 30-ம் 87-ம் சேரும். ஐந்து கால் ரிலேயில் 87ஏ என்று இன்னொரு கால் உண்டு. சுருளுக்கு மின்சாரம் இல்லாத நேரத்தில் 30 இதனோடு சேர்ந்திருக்கும்.

இரண்டு 55 வாட் ஹாலஜன் பல்புகள் சேர்ந்து எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இழை குளிர்ந்திருக்கும் முதல் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு. '10 ஆம்பியர்' என்று எழுதிய நீல நிறக் குட்டி ரிலேக்களின் முனைகள் இப்படித்தான் ஒன்றோடொன்று பற்றவைத்ததுபோல ஒட்டிப்போகின்றன. 30 அல்லது 40 ஆம்பியர் கார் ரிலேயே இதற்குச் சரி. ஆனால் அதன் சுருளுக்கு 130 மில்லிஆம்பியருக்கு மேல் வேண்டும். நானோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பின் ஒரு கால் நிம்மதியாகத் தருவது 20 மில்லிஆம்பியர், 40 போனால் ஆபத்து. அதனால்தான் நடுவில் யூஎல்என்2003 என்ற டிரைவர் சிப். ஏழு டார்லிங்டன் ஜோடிகள் (இரண்டிரண்டாகச் சேர்ந்த டிரான்சிஸ்டர்கள்) உள்ளே இருக்கின்றன, ஒவ்வொன்றும் 500 மில்லிஆம்பியர்வரை தாங்கும்.

சுருளை அணைக்கும் கணம் இன்னொரு தொல்லை. காந்தப்புலம் சரியும்போது, போக வழியில்லாத மின்னோட்டத்தால் வோல்ட்டேஜ் நூறைத் தாண்டிக்கூட எகிறும். அந்த மின்னோட்டத்துக்கு வழிவிடும் டயோடுகள் (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுபவை) யூஎல்என்2003-க்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் 9-ஆம் காலை ரிலேயின் 12 வோல்ட் வயரோடு இணைத்தால்தான் அவை வேலை செய்யும். பலரும் கோட்டைவிடும் இடம் இது.

அடுத்து மின்சாரம். காரில் '12 வோல்ட்' என்பது பேச்சுக்குத்தான். பேட்டரி ஓய்வில் 12.6, எஞ்சின் ஓடும்போது 14 சொச்சம், ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில் எட்டுக்கும் கீழே. ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்துகொண்டிருக்கையில் பேட்டரி வயர் கழன்றால், சில நூறு மில்லிசெகண்டுக்குள் நடப்பது இன்னும் மோசம். ஐஎஸ்ஓ 16750-2 சோதனைத் தரம் இந்த அடியை 79 முதல் 101 வோல்ட்வரை கணக்கில் வைக்கிறது. ஆகவே வாசலிலேயே காவல் வேண்டும். ஒரு பியூஸ், வயரை மாற்றி மாட்டினாலும் காப்பாற்றும் ஒரு டயோடு, உபரி வோல்ட்டேஜை எர்த்துக்குத் தள்ளும் 24 வோல்ட் டிவிஎஸ் டயோடு, அப்புறம்தான் ஐந்து வோல்ட்டாக இறக்கும் ரெகுலேட்டர்.

இவ்வளவு செய்தும் ஸ்டார்ட்டர் சுற்றும்போது சிப் ரீசெட் ஆகலாம். ஒவ்வொரு ரிலேக்கும் தனித்தனியாக ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும். மூளை செத்தால் இது எந்த நிலையில் நிற்க வேண்டும்? என்னைக் கேட்டால் முழு வேலையிலும் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை. ஹெட்லைட் விஷயத்தில் பழைய சுவிட்சை அறுக்காமல் அதற்கு இணையாக நம் ரிலேயைப் போட வேண்டும். சிப்பும் ரிலேயும் அடங்கிய நம் பெட்டி படுத்துவிட்டாலும் கார் பழையபடி ஓடும். ரேடியேட்டர் விசிறிக்கு ரிலே வைப்பவர்கள் 87ஏ காலைப் பயன்படுத்தி, சுருளில் மின்சாரம் பாயும்போது மட்டும் விசிறி நிற்கும்படி மாட்டுவது நல்லது. சிப் போனாலும் எஞ்சின் சூடேறாது. ஏர்பேக், ஏபிஎஸ் வயர்கள் பக்கம் மட்டும் கை போகவே கூடாது.

ரெடிமேட் ரிலே போர்டு வாங்கியவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். அவற்றில் பல, கால் பூஜ்ஜியத்துக்கு இறங்கும்போது ரிலேயை இழுப்பவை. சிப்பின் காலை அவுட்புட்டாக அறிவித்த உடனே அது பூஜ்ஜியத்தில்தான் நிற்கும், ரிலே ஒரு தடவை அடித்து ஓயும். முதலில் மதிப்பை 'ஹை' என்று எழுதி, பிறகு அவுட்புட் என்று அறிவித்தால் அந்தச் சத்தம் வராது.

புரோகிராமுக்கு மூன்று நிலைகள் போதும். சாவி போட்டிருக்கும் நிலை, எடுத்தபின் விளக்கெரியும் நிலை, எல்லாம் அணைந்த நிலை. சாவி இருக்கிறதா என்று அறிய, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இக்னிஷன் வயரின் வோல்ட்டேஜை 30 கிலோஓம், 10 கிலோஓம் மின்தடைகளால் நான்கில் ஒரு பங்காகக் குறைத்துச் சிப்புக்குக் கொடுக்கலாம். 14.4 வோல்ட் 3.6 ஆகிவிடும். அரை நிமிடத்தை எண்ண, புரோகிராமை அப்படியே காக்கவைக்கும் டிலே கட்டளை வேண்டாம். அது ஓடும்போது சிப் வேறெதையும் கவனிக்காது, நடுவில் நீங்கள் மறுபடி சாவி போட்டாலும் தெரியாது. சிப் ஓடத் தொடங்கியதிலிருந்து மில்லிசெகண்டுகளை எண்ணும் மில்லிஸ் கடிகாரத்தைப் பார்த்துக் கழித்துக்கொள்வதே முறை.

கடைசியாக, காரை நிறுத்திவைத்தால் பெட்டி தின்னும் மின்சாரம். நானோ போர்டு சும்மா இருந்தாலே சுமார் 20 மில்லிஆம்பியர் எடுக்கும். ஒரு மாதத்துக்கு 14 ஆம்பியர் மணிக்கு மேல், 35 ஆம்பியர் மணி பேட்டரியில் ஏறக்குறைய நாற்பது சதவீதம். சிப்பைத் தூங்கவைக்கலாம்தான், ஆனால் போர்டில் உள்ள எல்இடியும் ரெகுலேட்டரும் தூங்காது. எனக்குப் பிடித்தது இரண்டாவது ரிலே. சாவி போட்டதும் இக்னிஷன் வயர் ஒரு டயோடு வழியாகப் பெட்டியை எழுப்பும். எழுந்த சிப் முதல் வேலையாக அந்த ரிலேயை இழுத்து, தனக்கான மின்சாரத்தை பேட்டரியிலிருந்து தானே பிடித்துக்கொள்ளும். சாவியை எடுத்து, அரை நிமிடம் முடிந்து, ஹெட்லைட்டை அணைத்ததும் அந்த ரிலேயையும் விட்டுவிடும். அதற்குப் பிறகு பெட்டி எடுக்கும் மின்சாரம் பூஜ்ஜியம். டயோடை விட்டுவிட்டால் பெட்டியின் மின்சாரம் இக்னிஷன் வயருக்குள் திரும்பப் பாயும், சாவியை எடுத்ததே சிப்புக்குத் தெரியாமல் போகும்.