திருகோணமலையின் பெயர் தாங்கிய தேக்குக் கப்பல்

இங்கிலாந்தின் ஹார்ட்லிபூல் துறையில் இன்றும் மிதந்துகொண்டிருக்கும் ‘டிரிங்கோமலி’ என்ற போர்க்கப்பல் தாங்கியிருப்பது நம் திருகோணமலையின் பெயரைத்தான். 1782இல் அக்கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய போரின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. பம்பாயில் வாடியா என்ற பார்சிக் குடும்பத்தினர், ஏராவில், அதாவது கப்பலின் அடிமரத்தில், வெள்ளி ஆணி அறைந்து சடங்கு செய்து கட்டத் தொடங்கிய இக்கப்பல், 1817 அக்டோபரில் நீரில் இறங்கியது. நெப்போலியப் போர்களோ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஓய்ந்துவிட்டிருந்தன. ஆகவே 1819இல் போர்ட்ஸ்மவுத் வந்து சேர்ந்ததும் அதற்குக் கூரை போட்டு, ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம் துறைமுகத்திலேயே கட்டிவைத்துவிட்டார்கள்.

மரக்கப்பலுக்குப் பீரங்கிக் குண்டைவிட இந்த ஓய்வுதான் பெரிய ஆபத்து என்பேன். காற்று புகாத உட்பகுதிகளில் மழைநீர் கசிந்து தங்கினால் பூஞ்சை வேரோடி மரத்தின் நாரை உண்ணும். வெளியே உறுதியாகத் தெரியும் கட்டையில் கத்திமுனையை அழுத்தினால் ஈரமண்ணில் இறங்குவதுபோல் இறங்கும். ஐரோப்பியக் கப்பல்களின் ஓக் மரத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கடுக்காய் ஊறிய நீரில் இரும்பைப் போட்டால் கறுத்துப்போகுமே, அதே துவர்ப்புச் சத்து ஓக்கிலும் இருப்பதால், ஈரம் பட்டதும் இரும்பு ஆணி அரிக்கப்பட்டு, அதைச் சுற்றியுள்ள மரமும் கெட்டு, பிடிப்பு தளர்ந்துவிடும். தேக்கிலோ இயற்கையாகவே எண்ணெய்ப்பசை இருக்கிறது. அது ஈரத்தைத் தடுக்கிறது, ஆணியையும் காக்கிறது. மரத்தில் ஊறிய சத்துகள் பூஞ்சையை அண்டவிடுவதில்லை.

நீர்மட்டத்துக்குக் கீழே எதிரி வேறு. கப்பல் புழு என்று அழைக்கப்பட்டாலும் அது உண்மையில் சிப்பி இனம். ஊசித்துளை அளவு வாயில் வழியாக நுழைந்து, தலையிலுள்ள ஓட்டால் அரம்போல் அராவி, உள்ளேயே நீளமாக வளரும். இதைத் தடுக்க அக்காலக் கப்பல்களின் அடிப்பகுதியில் செப்புத் தகடு வேய்ந்தார்கள். ஆனால் செம்பும் இரும்பும் உப்புநீரில் சேர்ந்தால் மின்கலம்போல் இயங்கி இரும்பு கரைந்துவிடும் என்பதைப் பட்டறிவால் உணர்ந்தபின், அங்கே செப்பு ஆணிகளையே அறைந்தார்கள்.

இப்படித் தாக்குப்பிடித்த கப்பல், பீரங்கிகள் 38இலிருந்து 26ஆகக் குறைக்கப்பட்டு, 1847இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் 1852 முதல் பசிபிக் பெருங்கடலுக்கும் சென்றது. 1857இல் திரும்பியபோது நீராவிக் காலம் வந்துவிட்டது. அதன்பின் அதற்குப் பயிற்சிக் கப்பல் வேலைதான். 1897இல் உடைக்கப்படவிருந்ததை ஒருவர் விலைக்கு வாங்கி, ‘ஃபூத்ரொயான்’ எனப் பெயர் மாற்றிச் சிறுவர்களின் பயிற்சிக்குத் தந்தார். அப்பணி 1986 வரை நீடித்தது. 1990இல் சீரமைப்பு தொடங்கியது, 1992இல் பழைய பெயரும் திரும்பியது. 2001இல் சீரமைப்பு முடிந்தபோது, அடிக்கூட்டின் பெரும்பகுதி பம்பாயில் இழைத்த அதே தேக்காகவே இருந்தது.